மிஷினை அறுக்காதீர்கள்

அன்புள்ள ஐயா,

வரும் தை மாதம் என் அம்மாவுக்கு அறுபது நிறைகிறது. ஜாக்கெட் தைத்துத்தான் என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். கண் மங்கிவிட்டது என்று சொல்லி சில வருடங்களுக்கு முன் அவருடைய மிஷினை விற்றுவிட்டோம். இந்தப் பிறந்த நாளுக்குக் கடைப் புடவை வேண்டாம், என் கையால் ஏதாவது செய்து கொடுக்கலாம் என்று ஆசை. காரைக்குடியில் ஒரு பழைய சாமான் கடையில் சிங்கர் மிஷின் ஒன்று, இரும்புக் காலோடு கிடைத்தது. சக்கரம் சுற்றுகிறது என்கிறார் கடைக்காரர். படம் இணைத்திருக்கிறேன். காலுக்குப் பெயின்ட் அடித்து, மேலே தேக்குப் பலகை போட்டு டீப்பாய் ஆக்கலாம். தலையைத் துளைத்து மேஜை விளக்கு செய்யலாம். "யார் வீட்டில் செத்துப்போனவர்கள் சாமானோ, நல்ல நாளில் அதையா கொடுப்பாய்" என்கிறார் அத்தை. பழைய பொருளைக் கொடுத்தால் அம்மா மனம் கோணுமா? துருவை எப்படி எடுப்பது, எந்த வார்னிஷ் நல்லது?

வாசகி, ஓசூர்

*

அன்புள்ள வாசகிக்கு,

போன மாதம் ஒரு காபிக் கடைக்குப் போயிருந்தேன். மேஜைகள் எல்லாம் தையல் மிஷின் கால்கள், மேலே கண்ணாடி. பழக்க தோஷத்தில் மிதியில் காலை வைத்து அழுத்தினேன். அசையவில்லை. வெல்டிங் வைத்து இறுக்கியிருந்தார்கள். அன்று வந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. அதற்குள் உங்கள் கடிதம். ஆகவே கொஞ்சம் சூடாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அத்தை பேச்சை விடுங்கள். பாட்டியின் சங்கிலியைப் பேத்தி கழுத்தில் போடும்போது யாரும் செத்துப்போனவர் சாமான் என்று சொல்வதில்லை. தங்கத்துக்கு இல்லாத தீட்டு இரும்புக்கு எங்கிருந்து வந்தது? துருவுக்கு மண்ணெண்ணெயும் கம்பி பிரஷும் போதும். வார்னிஷை எந்த ஹார்டுவேர் கடையில் கேட்டாலும் சொல்வார்கள்.

இப்போது உங்கள் படத்துக்கு வருகிறேன். அதை நீங்களே சரியாகப் பார்த்தீர்களா என்று எனக்குச் சந்தேகம். கறுப்பு உடம்பில் தங்க நிறத்தில் சிறகு வைத்த ஸ்பிங்ஸ் (மனிதத் தலையும் சிங்க உடம்பும் கொண்ட உருவம்) இருக்கிறது. வலது பக்கம் அடியில் இருக்கும் எண் 'ஒய்' எழுத்தில் தொடங்குகிறது. ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் என்ற ஊரில் இருந்த சிங்கர் ஆலையில் செய்தது அது, நூறை நெருங்குகிற வயது. அந்த ஆலை 1980-இல் மூடப்பட்டுவிட்டது. அங்கே ரயில் நிலையத்துக்கு மட்டும் இன்னும் சிங்கர் என்றே பெயர். ஸ்பிங்ஸ் படம் ஒரு பக்கம் பளிச்சென்றும், தைப்பவர் உட்காரும் பக்கம் கறுப்போடு கறுப்பாக அழிந்தும் இருக்கிறது பாருங்கள். அந்த ஓரத்தில்தான் தைப்பவரின் மணிக்கட்டு படும், துணி உரசிக்கொண்டு போகும். யாரோ ஒரு அம்மாள் பல வருடம் உட்கார்ந்து தேய்த்த இடம் அது. அங்கேதான் நீங்கள் டிரில்லிங் மிஷினை வைக்கப் போகிறீர்கள், தாயே!

சக்கரம் சுற்றுகிறது என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சுற்றுகிறது என்றால் அது உயிரோடு இருக்கிறது. எண்ணெய்த் துளை ஒவ்வொன்றிலும் சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய் விட்டு, நூல் கோக்காமல் ஓட்டுங்கள். பழைய பிசுக்கு கறுப்பாக வெளியே வரும். துடைத்துவிட்டு அப்புறம் மிஷின் எண்ணெய் விடுங்கள். தயவுசெய்து தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசினாகி இறுகிவிடும். புதுத் தோல் பெல்ட் ஒன்று மாட்டுங்கள். அந்தக் காலத்து மிஷின் என்று பயப்பட வேண்டாம். இன்று தையல் சாமான் கடையில் விற்கிற சாதாரண ஊசியே அதற்கும் சேரும். அடிநூலைக் கொண்டுபோகிற படகும் அதற்குள் போகிற நீள பாபினும்தான் கொஞ்சம் தேடவேண்டியிருக்கும். கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு முன்னால் செய்த ஒரு பொருள் இன்றைக்கும் ஓரம் அடிக்கத் தயாராக நிற்கிறது. அதன்மேல் காபி டம்ளரை வைக்கவேண்டும் என்று எப்படித் தோன்றுகிறது நமக்கு?

காந்தியிடம் 1924-இல் டெல்லியில் சாந்திநிகேதன் மாணவர் ஒருவர் கேட்டார், நீங்கள் எல்லா இயந்திரத்துக்கும் எதிரியா என்று. (அந்த மாணவர்தான் ஜி. ராமச்சந்திரன். பின்னாளில் மனைவி சௌந்தரத்தோடு சேர்ந்து 1947-இல் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கியவர்.) காந்தி விதிவிலக்காகச் சொன்ன இயந்திரம் சிங்கர் தையல் மிஷின். மனைவி கையால் தைத்துத் தைத்து மாய்வதைப் பார்த்த சிங்கர், அவள்மேல் உள்ள அன்பால் அதைச் செய்தார் என்றார். அருமையான கதை, ஆனால் உண்மை வேறு. ஐசக் மெரிட் சிங்கர் ஒரு நாடகக்காரர். பல பெண்களோடு குடும்பம் நடத்தி இருபதுக்கும் மேல் பிள்ளை பெற்றவர். அவர் 1851-இல் காப்புரிமை வாங்கியது காசுக்கு. அவருக்கு முன்பே 1846-இல் காப்புரிமை வாங்கியிருந்த எலியாஸ் ஹோவ், வழக்குப் போட்டு ராயல்டியும் வாங்கினார். யாரோ காந்தியிடம் கதை விட்டிருக்கிறார்கள். இருந்தாலும் அந்தப் பொய்க் கதையில் வருகிற கணவனை எனக்குப் பிடிக்கும். பரிசு கொடுக்க நினைப்பவன் முதலில் அவள் கையைப் பார்த்தான் அல்லவா?

என் சித்தியும் தைத்தவர்தான். தீபாவளிக்கு முந்தின வாரம் ராத்திரி முழுக்க மிஷின் ஓடும். மிஷினுக்கு ஆயுத பூஜைக்குப் பொட்டு, மாலை எல்லாம் உண்டு. சித்தி உட்கார்ந்திருந்தது என்னவோ ஒரு மண்ணெண்ணெய் டின்மேல், நாலாக மடித்த கோணிச்சாக்கு போட்டு. எழுந்திருக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் வளைந்தே நிற்பார். எங்கள் யாருக்கும் அது கண்ணில் படவில்லை. சித்தப்பாவுக்குப் பட்டது. பள்ளிக்கூடத்தில் கழித்துக் கட்டிய பெஞ்சு ஒன்றை ஏலத்தில் எடுத்து வந்து, அறுத்து, முதுகுச் சாய்மானம் வைத்து ஒரு ஸ்டூல் செய்தார். தச்சு தெரியாத மனிதர். சித்தியை உட்காரச் சொல்வார், எழுப்புவார், கால்களில் ஒரு நூல் அளவு இழைப்பார், மறுபடி உட்காரச் சொல்வார். சித்தி சலித்துக்கொண்டே உட்கார்ந்தார். ஊருக்கெல்லாம் டேப் பிடித்தவருக்கு வேறொருவர் அளவெடுத்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். பெஞ்சில் பையன்கள் காம்பஸால் செதுக்கிய பெயர்கள் அப்படியே இருந்தன. அவற்றை இழைத்து எடுக்க அவருக்குத் தோன்றவில்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை உறுத்துகிறது. "கண் மங்கிவிட்டது என்று சொல்லி விற்றுவிட்டோம்." யார் சொன்னது? அம்மாவா, நீங்களா? அம்மாவே சொல்லியிருந்தால், இத்தனை வருடம் மிதித்தது போதும் என்று அவர் நினைத்திருக்கலாம். அதுவும் நியாயமே. அப்படியானால் மிஷின் காலில் செய்த டீப்பாயைக் கூடத்தில் போட்டு, விட்டுத் தொலைந்ததைத் தினமும் அவருக்கு ஏன் காட்டுகிறீர்கள்? மிஷினைத் தைக்கிற வேறு யாருக்காவது கொடுத்துவிட்டு, அம்மா உட்கார்ந்து டிவி பார்க்கத் தோதாக ஒரு நாற்காலியைப் பழுது பாருங்கள். சொன்னது நீங்கள் என்றால் முதலில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். புரையாக இருந்தால் இன்றைக்கு அது பெரிய விஷயமே இல்லை. அப்புறம் மிஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, ஓடுகிற நிலையில் கொண்டுபோய் வையுங்கள். ஊசிமேல் வெளிச்சம் விழுகிற மாதிரி ஒரு விளக்கு மாட்டுங்கள். விளக்கு செய்யும் உங்கள் ஆசையும் தீரும்.

உங்கள் கையால் செய்தே ஆகவேண்டும் என்றால் ஸ்டூல் செய்யுங்கள். காரைக்குடிக் கடைகளில் பழைய தேக்குச் சட்டம் கிடைக்கும். உயரத்தைக் குத்துமதிப்பாக வைக்காதீர்கள். இரண்டு பாதமும் மிதியில் முழுசாகப் படியவேண்டும், முழங்கால் மேஜையில் இடிக்கக் கூடாது. அம்மாவை உட்காரவைத்தே அளவெடுங்கள். ஆச்சரியமாகக் கொடுக்கவேண்டும் என்கிற ஆசையையெல்லாம் விட்டுவிடுங்கள். அளக்க மட்டும் புது டேப் வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாவின் பழைய துணி டேப் இழுபட்டு நீண்டு போயிருக்கும், அதை நம்பி அறுத்தால் ஸ்டூல் குட்டையாகிவிடும்.