வாசகர் கேள்வி – பதில்: வரலாற்று ஆசிரியருக்கு ஒரு நினைவு மலர்

கேள்வி: எங்கள் தாத்தா திருநெல்வேலிச் சீமையின் பள்ளிகளில் வரலாற்று ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். காலைத் திருப்பலியையும் இரவுச் செபமாலையையும் அவர் விட்டதில்லை. சவேரியார் திருநாளுக்கு முந்தைய நவநாள் முழுவதும் கோயிலிலேயே இருப்பார். அக்டோபர் மாதம் வந்தால் மாணவர்களைக் கயத்தாற்றுக்கு அழைத்துச் சென்று, கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊரில் வைத்தே பாடம் நடத்துவார். அவருடைய முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு ஒரு மலர் வெளியிட இருக்கிறோம். எங்கள் பூர்வீகம் சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் கிராமம். எங்கள் முன்னோருக்குப் புனித சவேரியாரே ஞானஸ்நானம் கொடுத்தார் என்று மலரில் எழுத வேண்டும் என்கிறார் பெரியப்பா. தாத்தாவோ கடைசி வரை, அதற்குச் சான்று இல்லை என்றே சொல்லி வந்தார். நாங்கள் என்ன செய்வது?

– ஒரு பேத்தி, பாளையங்கோட்டை

பதில்: பெரியப்பாவின் விருப்பம் பாசத்தில் பிறந்தது, அதை மதியுங்கள். ஆனால் அந்தச் செய்தியை நடந்த நிகழ்ச்சியாக அச்சிட வேண்டாம்.

சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தது 1542-இல். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே பரதவர் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். அவர்களுக்குத் தமிழில் செபங்களைக் கற்பிப்பதும் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதுமே கடற்கரை ஊர்களில் அவருடைய முதன்மையான பணியாக இருந்தது. ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்து போவதாக 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே குறிப்பிடுகிறார். உள்நாட்டுக் கரிசல் ஊர்களின் கதை வேறு. 1606-இல் இத்தாலிய இயேசு சபைத் துறவி தே நொபிலி தொடங்கிய மதுரை மறைப்பணியின் வழியாகவும், பின்னர் வீரமாமுனிவர் பணியாற்றிய காமநாயக்கன்பட்டி போன்ற தலங்களின் வழியாகவுமே அந்தப் பக்கத்தில் கத்தோலிக்க மறை வேரூன்றியது. உங்கள் முன்னோரும் அவ்வழியே வந்திருக்க வாய்ப்பு அதிகம். தாத்தா இவற்றையெல்லாம் அறிந்தே பேசியிருக்கிறார்.

ஆகவே, "எங்கள் குடும்பத்தில் வழிவழியாக இப்படிச் சொல்லப்படுகிறது, தாத்தா இதைச் சான்றில்லாத செய்தி என்றே கொண்டார்" என்று இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். எந்தப் புனிதருக்காக நவநாள் முழுவதும் கோயிலில் காத்திருந்தாரோ, அந்தப் புனிதரின் பெயரால் தம் குடும்பத்துக்கு வரவிருந்த பெருமையைச் சான்றில்லை என்பதற்காக வேண்டாம் என்று ஒதுக்கியவர் அவர். அவருடைய பக்தியையும் ஆசிரியப் பணியையும் தனித்தனி அத்தியாயங்களாகப் பிரித்து எழுத நினைத்திருந்தால், இந்த ஒரு செய்திக்காகவாவது அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் நெகிழ வைத்தது இதுதான்.

மற்றப் பக்கங்களையும் அவருடைய முறையிலேயே எழுதலாம். முதலில் அவர் பிறந்த பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டைப் பார்க்கப் பங்குத்தந்தையிடம் அனுமதி கேளுங்கள். பழைய பதிவுகள் பெரும்பாலும் இலத்தீனில் இருக்கும். ஆனாலும் பெற்றோர், ஞானப்பெற்றோர் பெயர்களை அடையாளம் காண்பது கடினமன்று. உறுதிப்பூசுதலையும் திருமணத்தையும் அதே பதிவின் ஓரத்தில் குறிப்பது திருச்சபையின் வழக்கம் என்பதால், ஒரே பக்கத்தில் அவர் வாழ்க்கையின் பாதி கிடைத்துவிடக்கூடும். தாத்தாவின் பாட்டனார், முப்பாட்டனார் பெயர்களையும் அங்கேயே தேடுங்கள். பதிவேடு எந்த ஆண்டு வரை பின்னோக்கிச் செல்கிறதோ, அந்த ஆண்டிலிருந்து உங்கள் குடும்ப வரலாற்றை உறுதியாகத் தொடங்கலாம். பெரியப்பாவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். முன்னோரின் பெயரை மையெழுத்தில் காணும்போது அவர் மனம் நிறையும் என்றே நம்புகிறேன்.

எந்தப் பள்ளியில் எந்த ஆண்டு பணியாற்றினார் என்பதற்கு அவருடைய பணிப்பதிவேடு போதும். பாடக்குறிப்பேடுகள் வீட்டில் இருந்தால், ஒரு பக்கத்தையாவது அவர் கையெழுத்திலேயே படமெடுத்துச் சேர்த்துவிடுங்கள்.

மாணவர்களிடம் "சார் எப்படிப்பட்டவர்?" என்று மட்டும் கேட்காதீர்கள், "நல்லவர், கண்டிப்பானவர்" என்பதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. கயத்தாற்றில் நின்று அவர் என்ன சொன்னார் என்று கேளுங்கள். 1799 அக்டோபர் 16 அன்று நடந்ததைப் பாடப்புத்தகத்தின்படி சொன்னாரா, ஊரார் வாய்வழிக் கதைகளையும் எடுத்துக்கொண்டாரா, ஆங்கிலேய அதிகாரிகளின் எழுத்தைக் கதைப்பாடலோடு ஒப்பிட்டுக் காட்டினாரா என்று குறிப்பாகக் கேட்டால், மறந்துபோன பாடமும் அவர்களுக்குத் திரும்ப வரும். இருவர் சொல்வது ஒன்றுக்கொன்று மாறுபட்டால், இரண்டையும் அவரவர் பெயரோடு போடுங்கள்.

பக்தியைப் பற்றி எழுதும்போதும் பொதுவாகப் புகழாதீர்கள். எந்தக் கோயிலில், எத்தனை மணித் திருப்பலிக்கு, எந்த வழியாக நடந்து போவார். செபமாலையில் யாருக்காகவெல்லாம் வேண்டிக்கொள்வார். நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் யார் யார் கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றுவார் என்பவை உங்கள் பாட்டிக்கும் அத்தைகளுக்கும்தான் தெரியும். அவர்கள் பேசட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு மாலைப்பொழுது போதாது.

கடைசி நாட்களின் நோயை ஒரு பத்திக்குள் முடித்துக்கொள்ளலாம். மலர் அச்சானதும், அவர் பணியாற்றிய ஒவ்வொரு பள்ளியின் நூலகத்துக்கும் பங்கு அலுவலகத்துக்கும் ஒவ்வொரு படி கொடுத்துவிடுங்கள்.