ஒரே நாளில் எழுபது டொர்னாடோக்கள்

கேள்வி: அமெரிக்கச் சமவெளிகளில் ஒரே நாளில் பல டொர்னாடோக்கள் (இடிமேகத்திலிருந்து தரைவரை இறங்கும் கடும் சுழல்காற்றுகள்) கிளம்புவது எப்படி?

பதில்: மெக்சிகோ வளைகுடாவிலிருந்து தரையையொட்டி வரும் ஈரமான வெப்பக்காற்றின் மேல் மேற்கத்திய வறண்ட காற்று படிந்து, உயரம் கூடக்கூடக் காற்றின் வேகமும் திசையும் மாறுமானால், இடிமேகங்கள் சுழலத் தொடங்கி, ஒரே மேகம் அடுத்தடுத்துப் பல டொர்னாடோக்களை இறக்கிவிடக்கூடும். 1999 மே 3 அன்று ஓக்லஹோமா மாநிலத்திலும் பக்கத்துக் கான்சாஸிலும் நடந்தது இதுதான். பிற்பகல் தொடங்கி இரவு வரை சுமார் 70 டொர்னாடோக்கள் தரையைத் தொட்டன. அவற்றுள் பிரிட்ஜ் கிரீக், மூர் ஆகிய ஊர்களைச் சூறையாடிய டொர்னாடோவின் காற்று வேகம் மணிக்கு ஏறத்தாழ 480 கி.மீ. என நடமாடும் ரேடார் காட்டியது. சாலையில் போட்டிருந்த தாரையே அது உரித்தெடுத்தது என்றால் வீடுகளைச் சொல்லவா வேண்டும்? பாதுகாப்பென்று நம்பி மேம்பாலங்களின் அடியில் ஒதுங்கியவர்களிலும் சிலர் மாண்டனர். குறுகிய அந்த இடைவெளியில் காற்று இன்னும் வேகமெடுக்கும்.