பித்தப்பையை எடுத்த பிறகு என்ன சாப்பிடுவது, எடை என்ன ஆகும்?

கேள்வி: எனக்குப் பித்தப்பைக் கற்கள் இருக்கின்றன. லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை எடுத்துவிடச் சொல்கிறார்கள். எழுந்து நடமாட எவ்வளவு நாளாகும்? பிறகு வாழ்நாள் முழுவதும் எண்ணெய் இல்லாமல்தான் சாப்பிட வேண்டுமா? எடை கூடும் என்று ஒருவரும் மெலிந்துவிடுவீர்கள் என்று இன்னொருவரும் பயமுறுத்துகிறார்கள். யார் சொல்வது சரி?

பதில்:

நானும் பித்தப்பை இல்லாமல் காலம் தள்ளுகிறவன்தான். நான் மருத்துவன் அல்ல. அனுபவித்ததையும், என் அறுவை மருத்துவரைத் துளைத்தெடுத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன். உங்களைப் பயமுறுத்திய இருவரிடமும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் இருவருமே பழியைத் தவறான இடத்தில் போடுகிறார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கொழுப்பைச் செரிக்க உதவும் பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். பித்தப்பை அதைச் சேர்த்து, அதிலுள்ள நீரை உறிஞ்சிக் கெட்டியாக்கி வைத்திருக்கும் பை மட்டுமே. அதில் 30 முதல் 50 மில்லிலிட்டர் வரை பிடிக்கும். கொழுப்புள்ள உணவு சிறுகுடலுக்குள் வந்ததும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கும், பை சுருங்கிப் பித்தநீரைக் குடலுக்குள் தள்ளும். பையை எடுத்த பிறகும் கல்லீரல் தன் வேலையை நிறுத்துவதில்லை. நாளொன்றுக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் சுரந்துகொண்டே இருக்கும். முன்பு தேவைப்படும்போது மொத்தமாக வந்தது, இப்போது எந்நேரமும் சிறிது சிறிதாகக் குடலில் இறங்குகிறது. மாற்றம் இவ்வளவுதான். இது புரிந்துவிட்டால் உணவைப் பற்றிய பயத்தில் பெரும்பகுதி போய்விடும்.

தேறுவதைப் பற்றி. வயிற்றில் பெரும்பாலும் நான்கு சிறு துளைகள் போடுவார்கள். அன்றோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுவது வழக்கம். என்னை வியக்க வைத்தது தோள்பட்டை வலி. வெட்டியது வயிற்றில், வலிப்பது வலது தோளில். உள்ளே இடம் உண்டாக்குவதற்காக வயிற்றைக் கரியமில வாயுவால் உப்பவைக்கிறார்கள். அதில் மிச்சமிருப்பது, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துகிறது. அங்கிருந்து கிளம்பும் நரம்புச் செய்தியை மூளை தோளின் வலியாக எடுத்துக்கொள்கிறது. ஓரிரு நாளில் தானாக அடங்கிவிடும், மெதுவாக நடந்தால் சீக்கிரம் குறையும். மற்றொன்று, படுக்கையிலிருந்து நேராக நிமிர்ந்து எழப் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் புரண்டு, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுந்திருங்கள். இருமல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொள்ளுங்கள். இந்த இரண்டையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு செவிலியர். கையில் கொடுத்த அச்சுத்தாளில் இவை இல்லை.

உட்கார்ந்து செய்யும் வேலையென்றால் ஒன்றிரண்டு வாரங்களில் திரும்பிவிடலாம். கனமான பொருள்களைத் தூக்குவதைச் சில வாரங்களுக்குத் தள்ளிப்போடச் சொல்வார்கள், அதைக் கேட்டு நடங்கள். வயிற்றைத் திறந்து செய்யும் பழைய முறை என்றால் தேற ஆறு வாரம்கூட ஆகலாம். சிலருக்கு லேப்ராஸ்கோப்பியில் தொடங்கி நடுவில் திறக்க நேர்வதும் உண்டு. அதற்கும் சேர்த்துத்தான் முன்கூட்டியே கையெழுத்து வாங்குவார்கள், பதற வேண்டாம்.

காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, கண்ணில் மஞ்சள், அடர்ந்த நிறச் சிறுநீர், வெளிறிய மலம், காயத்தில் சீழ் ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த சந்திப்பு நாளுக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பித்தநீர்க் கசிவோ, பித்தக்குழாயில் தங்கிவிட்ட கல்லோ காரணமாக இருக்கலாம்.

இனி சாப்பாடு. வாழ்நாள் பத்தியம் தேவையில்லை. பெரும்பாலானவர்கள் சில வாரங்களில் வழக்கமான உணவுக்குத் திரும்பிவிடுகிறார்கள். முதல் சில நாள்கள் மென்மையான, எண்ணெய் குறைந்த உணவு போதும். அதன் பிறகு கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இங்கே நாளின் மொத்த அளவைவிட ஒரே வேளையில் எவ்வளவு போகிறது என்பதுதான் முக்கியம். தாளித்த ஒரு கரண்டி எண்ணெயை எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஏற்றுக்கொள்ளும் குடல், பொரித்த இறைச்சியும் அதன்மேல் சீஸும் கடைசியில் ஐஸ்கிரீமுமாகப் போனால் திணறும். செரிக்காத கொழுப்பும் மிகுதியான பித்த அமிலமும் பெருங்குடலுக்கு இறங்கி, நீரை இழுத்துக்கொண்டு வெளியேறும். எனக்கு அது எப்போதும் காலை உணவுக்குப் பின்தான் வந்தது. தட்டைக் கழுவி வைப்பதற்குள் ஓட வேண்டியிருக்கும்.

எனக்குப் பலன் தந்தது மூன்று பெரிய வேளைகளை ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரித்துக்கொண்டதும், ஓட்ஸ், ஆப்பிள், கேரட், பயறு போன்ற கரையும் நார்ச்சத்துள்ளவற்றைச் சேர்த்துக்கொண்டதும்தான். நார்ச்சத்தை ஒரே நாளில் ஏற்றினால் வயிறு உப்பும், மெல்லக் கூட்டுங்கள். சாப்பிட்டதையும் அதன் பிறகு வயிறு எப்படி இருந்தது என்பதையும் ஒரு நோட்டில் குறித்துவந்தேன். பொரித்தவற்றை எதிர்பார்த்திருந்த எனக்கு வெறும் வயிற்றுக் காபிதான் குற்றவாளி என்று தெரிந்தது. உங்கள் குற்றவாளி வேறாக இருக்கும். ஆகவே இணையத்தில் திரியும் தடைப் பட்டியல்களை அப்படியே பின்பற்றாதீர்கள். அதிலுள்ள பாதி உங்களுக்கு ஒன்றும் செய்யாது.

வயிற்றுப்போக்கு வாரக்கணக்கில் நீடித்தால் 'பித்தப்பை இல்லை, அப்படித்தான் இருக்கும்' என்று சகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பித்த அமிலத்தைக் குடலிலேயே பிடித்துவைக்கும் கொலஸ்டிரமின் போன்ற மருந்துகள் உள்ளன. வாய்விட்டுக் கேட்டால்தான் எழுதித் தருவார்கள். கூச்சப்பட்டுக்கொண்டு ஆண்டுக்கணக்கில் கழிவறை இருக்கும் இடமாகப் பார்த்து வெளியே போகிறவர்களை எனக்குத் தெரியும்.

எடை விஷயத்துக்கு வருகிறேன், எனக்குச் சொல்ல அதிகம் இருப்பது இதில்தான். பித்தப்பை இல்லாததால் கொழுப்பு உடலில் சேராது, ஆகவே மெலிந்துவிடுவோம் என்பது தவறு. பித்தநீர் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது, கொழுப்பில் பெரும்பகுதி செரித்து உள்ளே போய்விடுகிறது. முதல் வாரங்களில் எடை இறங்குவதற்குக் காரணம் குறைவாகச் சாப்பிடுவதுதான். கல் இருந்த மாதங்களில் சாப்பிடவே பயந்து ஏற்கெனவே மெலிந்திருந்தால் அந்த இறக்கம் இன்னும் பெரிதாகத் தெரியும்.

ஏறுவது பிறகு. கல் இருந்த காலத்தில் வலி என்பது தட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் காவலாளி. இரண்டாவது முறை பரிமாறிக்கொள்ளக் கையை நீட்டினாலே, நள்ளிரவில் வலது விலாவுக்குக் கீழே பிடித்த பிடி நினைவுக்கு வரும், கை தானாகப் பின்வாங்கும். அறுவை சிகிச்சை அந்தக் காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. பல மாதங்கள் தள்ளிவைத்த எல்லாவற்றையும் சாப்பிட்டுப் பார்க்கத் தோன்றும், சாப்பிட்டாலும் ஒன்றும் ஆகாது. அந்த 'ஒன்றும் ஆகாது'தான் கிலோவாக ஏறுகிறது. பழியெல்லாம் இல்லாத பித்தப்பையின் மேல் விழுகிறது.

இன்னொரு வழியும் உண்டு, அது நல்லவர் வேடத்தில் வருவதால் எளிதில் அகப்படாது. கொழுப்புக்குப் பயந்தவர்கள் 'கொழுப்பு குறைந்தது' என்று அட்டையில் அச்சிட்ட பிஸ்கட், இனிப்புச் சேர்த்த தயிர், பழச்சாறு ஆகியவற்றுக்கு மாறிவிடுகிறார்கள். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாவுச்சத்திலும் சர்க்கரையிலும் 4 கலோரி என்பது உண்மைதான். ஆனால் கொழுப்பைக் குறைத்த உணவு சீக்கிரம் பசிக்க வைக்கும், அளவு இரட்டிப்பாகும். புரதத்தையும் கொஞ்சம் கொழுப்பையும் ஒவ்வொரு வேளையிலும் விட்டுவைப்பது இதற்காகவும்தான். ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடலில் சேரவும் கொழுப்பு வேண்டும். நான் செய்தது, கொழுப்பை வேளைகளுக்குள் சமமாகப் பங்கிட்டு, அறுவைக்கு முந்திய அளவுக்கே சாப்பாட்டை நிறுத்திக்கொண்டு, தினமும் நடந்தது. எடை பழைய இடத்துக்கு வந்து அங்கேயே நின்றது. இதில் எந்த மாயமும் இல்லை, சலிப்பூட்டும் வேலைதான்.

எடையைக் குறைக்க நினைக்கிறவர்கள் காயம் ஆறும்வரை பொறுங்கள், அதற்குப் பிறகும் அவசரம் வேண்டாம். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் மளமளவென்று இறங்குவது பித்தக்கற்கள் உண்டாக ஒரு காரணம். பித்தப்பை போனாலும் குழாயில் கல் உருவாக வாய்ப்பு இருக்கிறது, அரிதுதான்.

மாறாக, நன்றாகச் சாப்பிட்டும் மாதக்கணக்கில் எடை இறங்கிக்கொண்டே இருந்தால், குறிப்பாக 6 முதல் 12 மாதங்களுக்குள் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் காணாமல் போயிருந்தால், அதைப் பித்தப்பையின் தலையில் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். தைராய்டு, சர்க்கரை, குடல், கணையம் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.