ஏசி, கீசர், ஃபேன்: எத்தனை வருஷம் உழைக்கும்?

பெசன்ட் நகரில், கடலுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறோம். ஸ்ப்ளிட் ஏசியில் ஆறே வருஷத்தில் காயிலில் (கேஸ் ஓடும் குழாய்ச் சுருளில்) ஓட்டை. மதுரையில் அண்ணன் வீட்டு ஏசி 13 வருஷமாக ஓடுகிறது. எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி?

உப்புக்காற்றுதான். ஸ்ப்ளிட் ஏசிக்கு 10 முதல் 15 வருஷம் என்று சொல்வது கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களுக்கான கணக்கு. கடலோரத்தில் அது செல்லாது. அவுட்டோர் யூனிட்டின் பின்பக்கத்தில் மெல்லிய அலுமினியத் தகடுகள் வரிசையாக இருக்கும். பவரை அணைத்துவிட்டு விரலால் தொட்டுப் பாருங்கள். வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் அரிப்பு ஆரம்பித்துவிட்டது. செப்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் படிந்தால் அலுமினியம்தான் முதலில் கரையும். தகடு போனால் சூடு வெளியேறாது, கம்ப்ரசர் அதிக அழுத்தத்தில் திணறும். கடைசியில் கம்ப்ரசரும் போகும்.

அடுத்த ஏசி வாங்கும்போது தகடுகளுக்கு அரிப்புத் தடுப்புப் பூச்சு உண்டா என்று கேளுங்கள். அவுட்டோர் யூனிட்டைக் கடல் காற்று நேராக அடிக்காத சுவரில் மாட்டுங்கள். மாதம் ஒருமுறை பவரை அணைத்துவிட்டு, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவினால் போதும். துரு பிடிக்கிறதே என்று பெட்டி கட்டி மூடிவிடாதீர்கள். விட்ட சூட்டையே அது திரும்ப இழுத்துக்கொள்ளும்.

12 வருஷ ஏசி. வருஷா வருஷம் கேஸ் போட்டுத்தான் ஓட்டுகிறோம். இது சகஜம்தானே?

சகஜம் இல்லை. கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் கிடையாது. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றுகிறது. குறைந்தால் எங்கோ கசிகிறது. கசிவைத் தேடாமல் வருஷா வருஷம் கேஸ் மட்டும் நிரப்பிப் போகிற மெக்கானிக்கை மாற்றுவதுதான் முதல் ரிப்பேர். நைட்ரஜன் ஏற்றி, குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் நட்டு சரியாக இறுகாததுதான் காரணமாக இருக்கும்.

அப்புறம், யூனிட்டின் லேபிளைப் பாருங்கள். ஆர்-22 என்று இருந்தால் பெரிய செலவு செய்யாதீர்கள். ஓசோன் படலத்தைக் காக்கும் மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி அந்த கேஸைப் படிப்படியாக நிறுத்துகிறார்கள். 'அதிலேயே ஆர்-32 போட்டுத் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதன் அழுத்தம் அதிகம், தீப்பிடிக்கும் தன்மையும் உண்டு. பழைய மெஷின் அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

கெப்பாசிட்டர், ஃபேன் மோட்டார் போனால் மாற்றி ஓட்டுங்கள். 10 வருஷம் தாண்டிய ஏசியில் கம்ப்ரசர் போனால் புதிது வாங்குவதே மேல்.

போர் தண்ணீர். கீசர் டேங்க் 5 வருஷத்தில் ஒழுகுகிறது. தண்ணீர்தான் காரணமா?

பாதி தண்ணீர், பாதி கவனிப்பு. ஸ்டோரேஜ் கீசருக்குள் மெக்னீசிய ஆனோடு ராடு ஒன்று இருக்கும். டேங்குக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கரைவதுதான் அதன் வேலை. அது தீர்ந்த பிறகு டேங்க் அரிக்கத் தொடங்கும். உப்புத் தண்ணீர் என்றால் வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்து, மெலிந்திருந்தால் மாற்றுங்கள். எலிமென்ட், தெர்மோஸ்டாட் போனால் மாற்றலாம். டேங்கே ஒழுகினால் ஒட்டுப் போட்டு ஓட்டாதீர்கள்.

சூடாகும்போது சேஃப்டி வால்வில் சொட்டுச் சொட்டாக வருவது மட்டும் பழுது இல்லை, அழுத்தம் வெளியேறுகிறது. அதை அடைத்தால் ஆபத்து.

25 வருஷ சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது. தூக்கிப் போடலாமா?

முதலில் கெப்பாசிட்டரை மாற்றுங்கள், பெரும்பாலும் 2.5 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட்) அளவு. சத்தமும் வந்தால் பேரிங். இரண்டும் சின்னச் செலவு. பகல் முழுக்க ஓடுகிற ஃபேன் என்றால் கரண்ட் பில்லுக்காக பிஎல்டிசி ஃபேன் (குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் உள்ளது) வாங்கலாம். பழையது 75 வாட் இழுக்கிற இடத்தில் இது 30 வாட் சுமாருக்கு ஓடும். தினம் 15 மணி நேரம் ஓடினால் மாதம் 20 யூனிட் மிச்சம். இதில் சர்க்யூட் போர்டுதான் பலவீனம். போர்டு தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் இழுப்பதே இல்லை.

எண்ணெய்ப் பிசுக்கு. பிளக்கைப் பிடுங்கி, இறக்கையையும் வெளிப்பக்க ஷட்டரையும் சோப்புத் தண்ணீரில் துடையுங்கள். மோட்டாரில் தண்ணீர் படக்கூடாது. கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தாலும் இழுக்காது, உள்ளே காற்று வர ஒரு வழி வேண்டும். அதையும் பார்த்த பிறகும் மோட்டார் முனகினால் புதிது மாட்டிவிடுங்கள்.