பன்னிரண்டாவது கடிகாரம்

அன்புள்ள ஐயா,

இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷ் ராணுவம் பன்னிரண்டு சுவிஸ் நிறுவனங்களிடம் செய்யச்சொன்ன கைக்கடிகாரங்களில் பதினொன்றைச் சேர்த்துவிட்டேன். கிரானா மட்டும் பாக்கி. ஒன்று விலைக்கு வந்திருக்கிறது; ஆனால் முகப்பு பின்னாளில் மாற்றப்பட்டதாம். வாங்கலாமா? என் டிமோரின் முட்களில் ஒளிப்பூச்சு செத்துவிட்டது. சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூச நினைக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் ஊசியைக் கீழே வையுங்கள். செத்தது ஒளிரும் பொடியான துத்தநாக சல்பைடு மட்டும்தான். அதை ஒளிரவைத்த ரேடியத்தின் கதிரியக்கம் சாகவில்லை; அது பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும். நியூ ஜெர்சியில் முகப்புகளுக்கு ரேடியம் தீட்டிய பெண்களில் பலர், தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கியே தாடை எலும்பு அழுகிச் செத்தார்கள். இவ்வளவு ஆசையாகச் சேர்க்கிற உங்களுக்கு இது தெரியாமலா இருக்கும்?

கிரானாவின் விலையைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். இருப்பதிலேயே அரிதானது, பெரும்பாலும் கேட்டதைத் தரவேண்டியதுதான்.

ஆனால் 'முகப்பு மாற்றப்பட்டதாம்' என்று முகம் சுளித்திருக்கிறீர்களே, அதுதான் என்னைப் பதில் எழுதவைத்தது. மாற்றியது யார்? ராணுவமேதான். ரேடியம் ஆபத்து என்று கழற்றிவிட்டு, ரேடியத்தைவிட ஆபத்துக் குறைந்த ட்ரிடியம் பூசி, அதற்கு அடையாளமாக வட்டத்துக்குள் 'டி' போட்ட முகப்பைப் பொருத்தினார்கள். ஒன்றின் முள் இன்னொன்றில் ஏறியது. ஓடினால் போதும் அவர்களுக்கு. இவற்றில் பெரும்பாலானவை வந்துசேர்ந்தபோது 1945 மே கடந்து, ஐரோப்பாவில் போரே முடிந்திருந்தது. இவை கண்ட வரலாற்றில் பாதி பழுதுபார்க்கும் மேசையில் நடந்தது. அதைத் துடைத்துவிட்டு 'அசல்' வேண்டும் என்றால், வேலையே செய்யாத கடிகாரத்தைத்தான் கேட்கிறீர்கள்.

லண்டன் சந்தை ஒன்றில் ஒரு கிழவர், அந்தப் பன்னிரண்டில் ஒன்றான சைமாவைத் திறந்து காட்டினார். வெளியே அரசுச் சொத்து என்பதற்கான அகல அம்பு முத்திரை. லென்ஸ் வைத்துப் பார்த்தால், பின்மூடியின் உட்புறத்தில் பழுதுபார்த்தவர்கள் ஊசியால் கீறிய தேதிகள், குறிகள். ஒரு கையெழுத்து மட்டும் பள்ளிப்பிள்ளையுடையதைப்போல உருண்டையாக இருந்தது. யார் பெற்ற பிள்ளையோ! பக்கத்தில் நின்ற கனவான், "முகப்பு அசலா?" என்றார். கிழவர் பதில் சொல்லாமல் மூடிவிட்டார்.

கிரானாவை வாங்குங்கள். அந்த 'டி'யைக் காட்டிப் பேரம் பேசிக்கொள்ளுங்கள், தவறில்லை. பிறகு நல்ல கடிகாரத் தொழிலாளியிடம் கொடுத்து, பின்மூடியின் உட்புறத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். முகப்பின் படம் வேண்டாம்.