கட்டி காந்தத்தில் ஒட்டவில்லை, அரத்தூள் மட்டும் ஒட்டுகிறதே, ஏன்?

கேள்வி: சேலத்தில் கல்லூரி ப்ராஜெக்டுக்காக இரும்பு 60, அலுமினியம் 40 என்று அணுக் கணக்கில் கலந்து உருக்கினோம். கட்டியில் காந்தம் ஒட்டவில்லை. அரம் போட்டு எடுத்த தூள் ஒட்டுகிறது. கலவை ஒன்றுதானே?

பதில்: முதலில் அரத்தைச் சந்தேகப்படுங்கள். அதுவும் எஃகுதான், அதன் துகள் தூளில் கலந்திருக்கலாம். தூளை ஆர்கான் வாயுவிலோ வெற்றிடத்திலோ 600 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, உலையோடு சேர்த்தே ஆறவிடுங்கள். ஒட்டுவது நின்றால் அது கலவையின் குணம். அப்படியே ஒட்டினால் அரத்தின் எஃகு. காற்றில் சுடாதீர்கள், தூள் ஆக்சைடாகிவிடும், சோதனை எதையும் சொல்லாது. எஃகு உருண்டைகள் போட்டுச் சுழற்றும் அரவை இயந்திரத்தில் (ball mill) அரைத்தாலும் இதே சிக்கல்தான்.

அரம் தப்பித்தது என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கலவையின் படிகம் ஒரு கனசதுரம். மூலையில் ஓர் அணு, நடுவில் ஓர் அணு. ஒழுங்காக அமையும்போது மூலை இடம் முழுக்க இரும்பு. நடு இடத்தில் 80% அலுமினியம், மிச்சம் 20% இரும்பு. மூலை இரும்புக்கு அண்டை அணுக்கள் எட்டு. அவற்றில் இரும்பு சராசரியாக 1.6தான். அரம் இழுக்கும்போது படிகம் நசுங்கி அணுக்கள் இடம் மாறிக் கலைகின்றன. முழுக்கக் கலைந்தால் அந்த 1.6 என்பது 4.8 ஆகிவிடும். இரும்பு அணு தன் காந்தத்தைத் தக்கவைத்துக்கொள்ள இரும்பு அண்டைகள் வேண்டும். நான்குக்கும் கீழே போனால் அது தேய்கிறது. நசுக்கும்போது படிக இடைவெளி கொஞ்சம் விரிவதும் காந்தத்துக்குத் துணைபோகிறது. 600 டிகிரியில் வைத்தால் அணுக்கள் மறுபடி ஒழுங்குக்கு வரும், அதனால்தான் அந்தச் சோதனையில் ஒட்டுவது நிற்கும்.

"சூடாக்கித் தண்ணீரில் போட்டாலும் கலையுமே" என்று சிலர் சொல்வார்கள். இந்தக் கலவையில் நடக்காது. மிக உயர்ந்த வெப்பம் வரை ஒழுங்கு குலையாது, அப்படிச் சட்டென்று குளிர்வித்தால் (குவென்ச்) படிகத்தில் அணு இல்லாத காலி இடங்கள் சிக்கிக் கட்டி கடினமாவதுதான் மிச்சம். நிக்கல்-இரும்பில் கதை வேறு. அங்கே சுமார் 500 டிகிரிக்குக் கீழேதான் ஒழுங்கு வரும். அதனால் பெர்மல்லாய் எனும் 78% நிக்கல் கொண்ட நிக்கல்-இரும்புக் கலவையை 600 டிகிரியிலிருந்து வேகமாக ஆறவிடுவார்கள். மெதுவாக ஆறினால் ஒழுங்கு ஏறி, காந்த ஊடுதிறன் (எளிதில் காந்தமாகும் தன்மை) விழுந்துவிடும். மாலிப்டினம் 4–5% சேர்ப்பது அந்த ஒழுங்கைத் தாமதப்படுத்தத்தான். நிக்கல் மூன்று, மாங்கனீசு ஒன்று என்ற கலவையோ நேர் எதிர்: கலைந்த நிலையில் காந்தம் ஏறக்குறைய இல்லை, 450 டிகிரியில் நாள்கணக்கில் வைத்து ஒழுங்கு வந்தபின்தான் ஒட்டும். ஆக, "ஒழுங்கு காந்தத்தைக் கொல்லும்" என்று மனப்பாடம் செய்யாதீர்கள். யாருக்கு யார் அண்டை என்று பாருங்கள்.

எடைக் கணக்கில் பலர் சறுக்குவார்கள். அணுக் கணக்கில் 60:40 என்றால் ஒரு கிலோவுக்கு இரும்பு 756 கிராம், அலுமினியம் 244 கிராம். 600:400 என்று நிறுத்தால் அலுமினியம் அணுக் கணக்கில் 58% ஆகி, வேறு சேர்மமும் உடன் வந்துவிடும். அலுமினியம் எரிந்து கசடாகி, அணுக் கணக்கில் 25% பக்கம் இறங்கினால் கட்டியே ஒட்டும். உருகிய இரும்பில் அலுமினியத்தைச் சின்னத் துண்டுகளாகவே போடுங்கள், கலக்கும்போது கடும் வெப்பம் வெளியாகித் தெறிக்கும். அரம் போடும்போது தண்ணீர் விடவேண்டாம். ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் புகுந்து கட்டி எளிதில் நொறுங்குவதாகிவிடும்.

(கஞ்சமலையில் இரும்புத் தாதுவான மேக்னடைட், சேர்வராயன் மலையில் அலுமினியத் தாதுவான பாக்சைட். இந்தக் கலவைக்கான இரண்டு தாதுவும் உங்கள் ஊர்ப் பக்கமே கிடக்கிறது!)

எவர்சில்வர் பாத்திர விளிம்பில் காந்தம் லேசாகப் பிடிப்பதை இதோடு குழப்பாதீர்கள். 304 ரகத்தில் வளைக்கும்போது படிக அமைப்பே மாறி, காந்தம் ஒட்டும் மார்ட்டன்சைட் ஆகிறது. உங்கள் தூளில் அமைப்பு அதேதான், அணுக்களின் இருக்கைகள் மட்டும் மாறியிருக்கின்றன. படிக ஒழுங்கைக் காட்டும் எக்ஸ்-கதிர்ச் சோதனையில், கதிர் தருவது தாமிரக் குழாய் என்றால், 44 டிகிரி கோணத்தின் பக்கம் முதன்மைக் கோடு இரண்டு நிலையிலும் இருக்கும். 31 டிகிரி பக்கம் வரும் சின்னக் கோடு ஒழுங்கு இருந்தால்தான் தெரியும். ஆனால் தாமிரக் கதிரில் இரும்பு தானும் ஒளிர்ந்து பின்புலத்தை ஏற்றிவிடும், அந்தக் கோடு அதில் மூழ்கலாம். கோபால்ட் குழாய் கிடைத்தால் அதில் எடுங்கள். அங்கே அது 36 டிகிரி பக்கம் வரும்.