மூணு பிளான் கையில இருக்கு, எதை எடுக்கறது?

கேள்வி: அண்ணா வணக்கம். சேலம் சிவதாபுரத்துல 30க்கு 40 அடி மனை, மேற்கு பார்த்தது. சுத்தி விட வேண்டியத விட்டா 24க்கு 32 தான் கட்ட முடியும்னு என்ஜினியர் சொல்லிட்டார். நாங்க ரெண்டு பேரு, பசங்க ரெண்டு, முட்டிவலி இருக்கற மாமியார். வீட்டுக்காரர் வெள்ளிக் கொலுசு வேலை, பட்டறையும் வீட்டோடவே வரணும். மூணு பிளான் குடுத்திருக்காங்க. ஹாலுக்குள்ளயே படி ஏறுற டூப்ளெக்ஸ் ஒண்ணு, கீழயே ரெண்டு பெட்ரூம் வந்து படி வெளிய இருக்கறது ஒண்ணு, கீழ வாடகைக்கு விட்டுட்டு நாங்க மாடில இருக்கறது ஒண்ணு. பசங்க டூப்ளெக்ஸ்தான் வேணும்ங்கறாங்க.

பதில்: தங்கச்சி, அந்த மூணாவத இப்பவே கிழிச்சுப் போட்டுடுங்க. முட்டிவலிக்காரங்கள மாடில வெச்சா ஒரு மாசம் இறங்கி ஏறுவாங்க, அப்புறம் கோயிலும் கிடையாது பக்கத்து வீட்டுத் திண்ணையும் கிடையாது, வாடகை அது பாட்டுக்கு வரும் அவங்க பாட்டுக்கு ரூமுக்குள்ளயே கிடப்பாங்க.

டூப்ளெக்ஸ் படத்துல பார்க்க அழகுதான், ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. 10 அடி உசரத்த 6 இஞ்சு படியா ஏறினா 20 படி, நடுவுல ஒரு தடவ திருப்பி திரும்புற எடத்துல 3 அடி விட்டா மொத்தம் 7க்கு 11 போயிடும். 77 சதுரடி. உங்க 24க்கு 32, அதாவது 768 சதுரடில பத்துல ஒரு பங்கு! படிக்கு அடியில இன்வெர்டர் வெச்சுக்கலாம்னு ஆறுதல் சொல்வாங்க. இன்வெர்டருக்கு எதுக்குங்க 77 சதுரடி?

வெளிப்படியும் அதே எடத்தத்தான் தின்னும், இல்லைங்கல. ஆனா அது மேற்குப் பக்கம் முன்னாடி வந்துச்சுன்னா நம்ம ஊர் சித்திரை வெயில் மத்தியானம் 3 மணிக்கு அடிக்கறத அந்தப் படி வாங்கிக்கும், உங்க ஹால் சுவர் வாங்காது. தென்மேற்குல படி வர்றதுக்கு வாஸ்து பாக்கறவங்களும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பசங்க பெருசானா மேல ஒரு போர்ஷன் எடுத்துக்கலாம், அதனால பில்லரும் அஸ்திவாரமும் மாடிக்கும் சேர்த்து இப்பவே போடச் சொல்லுங்க. என் ஓட்டு ரெண்டாவதுக்கு. ஹால் சின்னதாத்தான் வரும், வரட்டும்.

இப்ப பட்டறை. இத பிளான் போட்டவர் ஒரு ரூம்னு மட்டும் நெனச்சு வரைஞ்சிருப்பார்னு நெனைக்கிறேன். முன்னாடி மூலையில வைங்க, தெருவுல இருந்து தனி வாசல், ஆளுங்க உங்க ஹால் வழியா வரக்கூடாது. கொலுசப் பத்தவைக்கும்போது, அதாவது நெருப்புல சூடாக்கி ஒட்டும்போது, ஃபேன் போட்டா ஜுவாலை ஆடும், ஃபேன் போடலைன்னா மனுஷன் வெந்துடுவான், அதனால ஜன்னலோட சேர்த்து மேல வெண்டிலேட்டர், அதுல எக்ஸாஸ்ட் ஃபேன் கேளுங்க. கேஸ் சிலிண்டர் வெளிய காத்தாட நிக்கணும். அப்புறம் தரை. அராவும்போது விழற வெள்ளித் தூளக் கூட்டித்தானே எடுக்கணும், இடுக்கு அகலமா விட்டு டைல்ஸ் ஒட்டினா உங்க காசு இடுக்குலயே தங்கிடும். வீட்டு வெளக்குமாறு அந்தப் பக்கமே போகக்கூடாது, வெள்ளி குப்பையோட போயிடும். இன்னொண்ணு, பட்டறையும் சேர்ந்து வருதுன்னு அப்ரூவலுக்கு முன்னாடியே என்ஜினியர்ட்ட சொல்லிக் கேட்டுக்கங்க. 2024 ஜூலையில வந்த சுயசான்றுத் திட்டம், அதாவது நாமளே கையெழுத்துப் போட்டு அப்ரூவல் வாங்கறது, 2500 சதுரடிக்குள்ள மனை, 3500 சதுரடிக்குள்ள கட்டடம்னா ஆன்லைன்லயே முடியுது, ஆனா அது குடியிருக்கற வீட்டுக்கு. கையெழுத்து நம்மளோடது, மாத்திக் கட்டினா பொறுப்பும் நம்மளோடதுதான்.

மாமியார் ரூமுக்கும் பாத்ரூமுக்கும் 3 அடி கதவு வைங்க, நடுவுல கால் தடுக்கற மாதிரி படி வேண்டாம். பிளான்ல 10க்கு 10னு போட்டா அது சுவரு கணக்கோட இருக்கலாம், உள்ள 9 அடி சொச்சம்தான் நிக்கும், உள்ளளவு கேட்டு வாங்குங்க. கட்டில் ஆறரைக்கு அஞ்சு, அது போக பீரோ கதவு தொறக்கணும். என் வீட்டுல நான் ஆறரை அடி பீரோவ படி வளைவுல திருப்ப முடியாம, அஞ்சு பேரு கயிறு கட்டி பால்கனி வழியா ஏத்தினோம், தெருவே வேடிக்கை பார்த்துச்சு. அதனால ஒரு ஞாயித்துக்கிழமை மனையில சுண்ணாம்புத்தூள் எடுத்து கோடு போட்டு, கட்டிலுக்கு பதிலா பாய விரிச்சு, மாமியாரையும் கூட்டிட்டுப் போய் நடந்து பாக்கச் சொல்லுங்க. காலையில எந்திரிச்சு பாத்ரூம், பால், ஸ்கூல் வேன், பட்டறைக்கு ஆளு வர்ற நேரம் எல்லாம். பசங்களுக்கு தட்டுவடை செட் வாங்கிக் குடுத்துடுங்க, டூப்ளெக்ஸ் ஞாபகம் வராது.

கேள்வி: அழகாபுரத்துல கட்டின வீட்டுப் பிளான் எனக்கு ரொம்ப திருப்தி. அதையே ஏற்காட்டுல வாங்கின இடத்துலயும் கட்டலாமா சார்?

பதில்: கட்டாதீங்க சார். சேலம் 278 மீட்டர் உசரம், ஏற்காடு 1500 மீட்டர் கிட்ட. இங்க வெயிலுக்குப் பயந்து ஓடறோம், அங்க வெயில கையப் புடிச்சு இழுத்து உள்ள விடணும். பெட்ரூம் கிழக்கு பார்த்து வரட்டும். இங்க காத்துக்காக வீட்டு நடுவுல தொறந்து விட்ட எடம் அங்க மூடுபனிக்கு வாசல், துணி மூணு நாளைக்கு காயாது. மேடு பள்ளத்த மண்ணு கொட்டி ஒரே மட்டமாக்காம சரிவோட போக்குல தரையப் படியாப் படியா இறக்குங்க. மண்ண வெட்டின பக்கம் சுவரு ஒட்டக்கூடாது, நடுவுல இடம் விட்டு வடிகால் வேணும், இல்லைன்னா சுவருல தண்ணி கசியும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி செங்கலும் கம்பியும் வரணும், பெருசா கட்டற ஆசையே கொஞ்சம் குறையும். பிளான் போடறதுக்கு முன்னாடியே மலைப்பகுதி அனுமதி என்னென்ன வேணும்னு கேட்டுட்டு வாங்க.

கேள்வி: ஓப்பன் கிச்சன் வெக்கலாமா? மருமக கேக்கறா.

பதில்: மருமகளே சமைக்கறதா இருந்தா அவ சொல்றதுதான். நீங்க காஞ்ச மிளகா தாளிக்கறவங்களா இருந்தா ஒரு ஸ்லைடிங் கதவு போட்டுக்கங்க, ரெண்டு பேருக்கும் ஆச்சு.